குத்தாத இடது காது

பெரியவனே, உன் வலது காதில் துவாரம் இருக்கிறது, இடது காதில் இல்லை. போன மாதம் உனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் அந்தப் பிள்ளையின் அப்பா இதைக் கவனித்துவிட்டு, "தம்பிக்கு ஒரு காது மட்டும் குத்தியிருக்கே, ஏதும் நேர்ச்சையா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் "ஆமா, நேர்ச்சைதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தேன். அது பொய் இல்லை. முழுசும் இல்லை.

முழுசையும் சொல்வதென்றால் உங்கள் தாய்மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் உங்கம்மா நடுவில் அழுதுவிடுவாள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது தாண்டாதவன். கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு கிண்டின கை இது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னவளே, நீ ஹாஸ்டலில் இருந்து வந்து, "அப்பா, நான் வீகன் ஆயிட்டேன். கறி, முட்டை, பால், தயிர் ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னாயே, அன்றைக்கு உங்கம்மா உன்னைத் திட்டாமல் அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் நின்றாள். ஏன் என்று உனக்குத் தெரியாது. அந்த வார்த்தையைக் கேள்விப்படாமலே அவள் அண்ணன் அப்படித்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருவுக்குத் தெரு கறி மணக்கிற இந்தக் கோவில்பட்டியில், அதுவும் தொண்ணூறுகளில்.

மாமா தீப்பெட்டி ஆபீஸில் வேன் ஓட்டினார். விடியும் முன்னே கரிசல்காட்டு ஊர்களுக்குப் போய் வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிவருவார். வேன் கதவைச் சாத்தும் முன் தினமும் உள்ளே எட்டிப் பார்த்து, "சாத்தலாமா?" என்று கேட்பார். யாராவது வாயைத் திறந்து "சாத்துங்க" என்று சொன்னால்தான் சாத்துவார். அந்தப் பெண்கள் சும்மா விடுவார்களா?

"அண்ணாச்சி, கொட்டாவி விட்டுக்கிடலாமா?"

"தும்மல் வருது அண்ணாச்சி, உத்தரவு குடுங்க."

மாமா சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பார். ஆனால் மறுநாளும் கேட்பார்.

நம் வீட்டுக்கு வந்தால் பானையில் தண்ணீர் மொள்ளும் முன் கேட்பார். தங்கச்சி வீடுதானே என்று நினைக்க மாட்டார். "எடுத்துக்கிடவாட்டி?" என்பார். உங்கம்மாவுக்குக் கோபம் வரும். "யார் வீட்டுக்கோ வந்த மாதிரி என்னண்ணே இது!" என்பாள். அவர் அப்போதும் செம்பைக் கையில் பிடித்தபடி நிற்பார். அவள் "எடுண்ணே" என்று சொன்ன பிறகுதான் குடிப்பார்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவருக்கு வரக்காப்பிதான். கடைக்காரர் ஒரு நாள் கடையே சிரிக்கிற மாதிரி சொன்னார்: "அண்ணாச்சி, பசுமாட்டுக்கு லெட்டர் போட்டிருக்கேன். சம்மதம்னு பதில் வந்ததும் உங்களுக்குப் பால் ஊத்துதேன்." மாமா, "கன்னுக்குட்டிக்கும் ஒரு காப்பி அனுப்பிருங்க. அதுதான முதல் பாத்தியஸ்தன்" என்றார்.

சாயங்காலம் பருத்திப்பால் வண்டி வந்தால் மட்டும் ரெண்டு டம்ளர் குடிப்பார். "இதுக்கு யாரையும் கேக்க வேண்டாம் மாப்ள. பருத்தி தானா வெடிச்சுல்லா குடுக்குது" என்பார். என் பட்டறைக்கு வந்தால் கடலைமிட்டாய் தின்பார். அதற்கும் முதலில் "தட்டுல என்ன தடவுதீங்க, நெய்யா எண்ணெயா?" என்று விசாரித்தார். கடலை எண்ணெய் என்று சொன்ன பிறகு அதுவே அவருக்குப் பலகாரம், சில நாள் அதுவே சாப்பாடு. கடம்பூரில் போளி விற்கிற பையன்கள்கூட அவர் வேனைக் கண்டால், "இன்னைக்கு நெய்தான் அண்ணாச்சி, நீங்க போங்க" என்று தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் பயம்தான் வந்தது. அதற்குக் காரணம் நீ, பெரியவனே.

உனக்கு ஒரு வயதில் காய்ச்சல் வந்து, கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு நான் குலசாமிக்கு நேர்ந்தேன். பிள்ளை பிழைத்தால் அஞ்சு வயதில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, கிடா வெட்டுகிறேன் என்று. நீ பிழைத்தாய். அந்தச் சமயம் உங்கள் மாமா ஒரு பந்தியில் ரெண்டு பந்திக் கறியைச் சாப்பிடுகிற மனுஷன். அவருக்கே ஒரு கிடா போதாது என்று சொல்லிச் சிரித்தோம். அவர் இப்படி மாறுவார் என்று யார் கண்டது?

சாப்பிடுகிறவர் மட்டுமில்லை. எங்கள் பக்கம் எந்தக் கோயிலில் கிடா வெட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிடாவுக்கு மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, கிடாவும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் அரிவாள். சிலுப்பாவிட்டால் வெட்டக்கூடாது, காத்திருக்க வேண்டும். சில கிடாக்கள் மத்தியானம் வரை கல் மாதிரி நிற்கும். மாமா ஊற்றினால் முதல் செம்பிலேயே சிலுப்பும். "கைராசிக்காரன்" என்று பேர். அந்தக் கைராசி என்னவென்று எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதுகில் ஊற்றுகிற மாதிரி ஊற்றிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு சொட்டைக் காதுக்குள் விடுவார், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவர் வீட்டு முற்றத்தில் குளித்துக்கொண்டிருந்தார். உங்கள் அத்தை உள்ளே இருந்து வந்து, "பக்கத்து வீட்டுப் பையன் உங்க சைக்கிளக் கேக்கான், குடுத்துரவா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து மாமாவின் காதுக்குள் தண்ணீர் போய்விட்டது. தலையைச் சாய்த்து ஆட்டு ஆட்டென்று ஆட்டியிருக்கிறார். அத்தை சைக்கிளைக் கொடுத்துவிட்டாள். அது சாயங்காலம் முன்சக்கரம் நெளிந்து வந்து சேர்ந்தது.

"நான் எப்பட்டி குடுக்கச் சொன்னேன்?"

"நல்லா இருக்கே கதை! இந்தத் தலைய அந்த ஆட்டு ஆட்டினீயளே!"

"அது காதுல தண்ணி போச்சுட்டி!"

இதைச் சொல்லிவிட்டு மாமா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சாப்பிடவில்லை. அதுக்கப்புறம் எப்போதும் சாப்பிடவில்லை.

இதை அவரே என் பட்டறை வாசலில் உட்கார்ந்து சொன்னார். "ஒரு சைக்கிளுக்கே எனக்கு இம்புட்டுக் கோவம் வருதே மாப்ள. அந்தக் கிடாக உசிரையே குடுத்துச்சுங்க. நாங்க என்ன சொன்னோம்? சம்மதம் சொல்லிருச்சுன்னு சொன்னோம். குலவை போட்டோம்." அப்புறம், "கேட்டா பதில் வாரவரைக்கும் இருக்கணும். இல்லன்னா கேக்கவே கூடாது" என்றார்.

முதலில் ஆட்டுக்கறி நின்றது. அப்புறம் கோழி, மீன், முட்டை. அடுத்த வருஷம் கன்றைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டுப் பால் கறப்பதைப் பார்த்துப் பாலும் நின்றது. தோல் செருப்பு போய் டயர் செருப்பு வந்தது. யாரையும் திங்காதே என்று அவர் சொன்னதில்லை. பந்தியில் பரிமாறவும் செய்வார். தன் இலையை மட்டும் மடித்துக்கொள்வார். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? அவனுக்கு வியாதி என்றார்கள். வேறே மதத்தில் சேர்ந்துவிட்டான் என்றார்கள். உங்கள் அத்தை என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க சொன்னாலாவது கேப்பாவ. அவிய எலும்பு தெரியுது பாருங்க. நான் கறிக்குழம்பு வச்சா தொட மாட்டேங்காவ" என்று அழுதாள்.

நான் சொல்லிப் பார்த்தேன். "மச்சான், காதுகுத்துக்கு நீங்கதான் மடியில வைக்கணும். கிடா வெட்டுற இடத்துல நீங்க மூஞ்சியத் திருப்பினா சாமிகுத்தம் ஆயிரும்."

"வாரேன் மாப்ள. தாய்மாமன் நான், வராம இருப்பேனா? வச்சுக்கிடுதேன். அவன் சரின்னா காது குத்தட்டும்."

"அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட என்ன கேக்க?"

"காது அவனோடதுல்லா?"

உனக்கு அஞ்சு வயதானது. கடம்பூருக்குத் தெற்கே, உடைமரங்களுக்கு நடுவில் நம் குலசாமி கோயிலுக்கு மாமாவின் வேனிலேயே போனோம். கரிசல் வெடித்துக் கிடந்த மாதம். மொட்டை முடிந்தது. மாமா புது வேட்டி கட்டி உன்னை மடியில் வைத்தார். ஆசாரி ஊசியை எடுத்தார்.

"மருமவனே, குத்தலாமா? கொஞ்சம் வலிக்கும்" என்று மாமா உன்னிடம் கேட்டார்.

கடுக்கன் ஆசையில் நீ பெரிய மனுஷன் மாதிரி "குத்துங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். வலது காது குத்தினதும் நீ போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் பறந்தன.

"இன்னொண்ணு குத்தலாமா?"

"வேண்டாம்! வேண்டாம் மாமா!"

"வேண்டாங்கான்" என்று மாமா ஆசாரியிடம் சொன்னார். ஆசாரி ஊசியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லும் முன் உங்கள் பெரியப்பா வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஏலே, கிடா சிலுப்ப மாட்டேங்குது. மூணு செம்பு ஊத்தியாச்சு. பூசாரி கையைக் கட்டிட்டு நிக்காரு." மாமாவைப் பார்த்து, "சாமிக்கு யார் மேல கோவம்னு எல்லாருக்கும் தெரியுது. நீ வந்து ஊத்து. உன் கைக்குத்தான் சிலுப்பும்" என்றார்.

சொந்தக்காரர்கள் எல்லாம் மாமாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு சொட்டுத்தானே என்று என் மனது அடித்துக்கொண்டது. உன் நேர்ச்சை, உன் உயிர், எல்லாம் அந்த ஒரு சொட்டில் இருக்கிற மாதிரி இருந்தது.

மாமா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். "ஊத்துதேன் அண்ணாச்சி. முதுகுல மட்டும்" என்றார். ஊற்றினார். கிடா திரும்பித் தன் கழுத்து மாலையில் ஒரு செவ்வந்தியைக் கடித்து நிதானமாக மென்றது. அவர் இன்னொரு செம்பு ஊற்றினார். அது மென்றுகொண்டே இருந்தது.

"இது இன்னும் பதில் சொல்லல" என்று மாமா செம்பைக் கீழே வைத்தார்.

பெரியப்பா அந்தச் செம்பை எடுத்தார். நேராகக் காதிலேயே கவிழ்த்தார். கிடா தலையை உதறி உடம்பு முழுக்கச் சிலுப்பியது. குலவைச் சத்தம் கிளம்பியது. மாமா திரும்பி நின்று உன் முகத்தைத் தன் தோளில் அழுத்தி, உன் இடது காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். வலது காது புண்ணாக இருந்ததால் அதைத் தொடவில்லை. மேளம் அடங்குகிற வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அன்றைக்குப் பந்தியில் தாய்மாமன் இலையில் சோறும் உப்பும் மட்டும் இருந்தன. உன் இடது காது குத்தாமலே வீட்டுக்கு வந்தோம். "பாதி நேர்ச்சைக்குப் பாதிப் பலன்தான்" என்று பெரியப்பா வேனில் சொன்னது என் நெஞ்சில் முள்ளாக ஏறியது.

அதுக்கப்புறம் உனக்குச் சளி பிடித்தாலும் நான் உன் இடது காதைத்தான் பார்ப்பேன். தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். மாமா பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும்போதெல்லாம் வாசலிலேயே, "மருமவனே, அந்தக் காது?" என்று கேட்பார். நீ "வேண்டாம் மாமா" என்பாய். "சரி" என்று கடலைமிட்டாயை எடுத்து நீட்டுவார். நீங்கள் ரெண்டு பேரும் அதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டீர்கள். எனக்கு விளையாட்டாக இல்லை.

நீ மூணாம் வகுப்பு படித்தபோது மறுபடியும் அப்படி ஒரு காய்ச்சல் வந்தது. உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, குளிர் உன்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டாக்டர் "பொழுது சாயட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா ஆசாரியைக் கையோடு கூட்டிவந்து வராண்டாவில் உட்காரவைத்துவிட்டார். நான்தான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன் போட்டு மாமாவை வரச் சொன்னேன். வேனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"மடியில வையிடே. இப்பவே குத்தி நேர்ச்சைய முடிச்சிருவோம்" என்றார் பெரியப்பா.

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். உன் தலையை எடுத்து மடியில் வைத்தார். குனிந்து, "மருமவனே, அந்தக் காது... குத்தலாமாய்யா?" என்று கேட்டார். நான் அவர் வாயில் இருந்து அந்தக் கேள்வியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "சரின்னு சொல்லேன்" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

உன் தலை ஆடியது.

"ஆட்டிட்டான்! சரின்னுட்டான்! கூப்பிடு ஆசாரிய" என்று பெரியப்பா வாசலுக்கு ஓடினார்.

"இல்ல அண்ணாச்சி. அது குளிர்ல ஆடுது."

"பிள்ளை சாகக் கெடக்கான். உனக்கு இப்பவும் உன் வீம்புதான் பெருசா?"

மாமா என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு மாப்ள. உங்க பிள்ளை. நீங்க குத்தச் சொன்னா நான் பிடிச்சுக்கிடுதேன். ஆனா அவன் சரின்னான்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க சொன்னதாவே இருக்கட்டும்."

உங்கம்மா என்னைப் பார்த்தாள். ஆசாரி ஊசியோடு உள்ளே வந்து நின்றார். உன் தலை அவர் மடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, மாலை போட்ட அந்தக் கிடா காதில் தண்ணீரோடு தலையை உதறினது என் கண்ணுக்குள் வந்தது. எனக்குக் குத்தச் சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. கடைசியில் ஆசாரியிடம், "காய்ச்சல் விடட்டும். தெளிஞ்சப்புறம் கேப்போம்" என்றேன். பெரியப்பா வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார்.

பொழுது சாய்ந்தது. மாமா உன் தலையை மடியில் இருந்து இறக்காமல், ஒரே இருப்பாக இருந்தார். கால் மரத்துப்போயிருக்கும். மறுநாள் வெயில் ஏறும்போது உன் கழுத்தில் வேர்வை பூத்தது. நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டுருச்சு" என்றார். நீ கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தாய்.

அந்த மனுஷன் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "மருமவனே, அந்தக் காது?"

"வேண்டாம் மாமா" என்றாய் நீ. குரலே வரவில்லை.

"சரி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கால் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது அவர் போய்விட்டார். சின்னவளே, நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். வேலை முடிந்து பெண்களை ஊருக்குக் கொண்டுவிடும் வழியில், மணியாச்சிப் பக்கம் ரயில்வே கேட் போட்டிருந்தது. வேனை நிறுத்தினார். ரயில் போய்க் கேட்டும் திறந்துவிட்டது. வேன் நகரவில்லை. உள்ளே இருந்த பெண்கள், "போகலாம் அண்ணாச்சி, எல்லாரும் சரின்னுட்டோம்!" என்று சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்திருந்தார்.

நெஞ்சுவலி என்று டாக்டர் சொன்னார். கறி திங்காததால்தான் என்று ஊர் சொன்னது. கருமாதிக்குக் கறிச்சோறு போடலாமா என்று பெரியவர்கள் பேசினபோது உங்கள் அத்தை, "அவியகிட்ட யாரு கேக்க முடியும் இனிமே? கேக்க முடியாதுன்னா வேண்டாம்" என்றாள். சாம்பார்தான் போட்டோம். பாதிப் பேர் கை நனைக்காமல் போனார்கள்.

அவர் போன பிறகு அந்தக் காதைப் பற்றி உன்னிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது உனக்குக் கல்யாணம் கூடிவருகிறது. அதற்கு முன்னே குலசாமி கோயிலுக்குப் போக வேண்டும். பெரியப்பா நேற்று வந்து, கிடாவுக்குச் சொல்லியாகிவிட்டது, காதையும் அதோடு சேர்த்து முடித்துவிடலாம் என்றார். உன்னிடம் பேசிவிட்டதாகவும் நீ தலையாட்டினதாகவும் சொன்னார். செல்லில் ஏதோ பார்த்துக்கொண்டே ஆட்டினாயாம்.

எனக்கு இன்றைக்கும் பயம்தான் மகனே. உனக்குத் தலைவலி என்றாலும் எனக்கு அந்தக் காதுதான் ஞாபகம் வருகிறது. குத்தினால் எனக்கு நிம்மதி. அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர் இருந்து கேட்க வேண்டியதை நான் கேட்கிறேன். காது குத்தலாமா? உன் பேரில் கிடா வெட்டலாமா? உடனே வேண்டாம், யோசித்துக்கொள். நான் காத்திருக்கிறேன்.

தலையாட்டாதே. வாயைத் திறந்து சொல்.